பூஜ்யம் எடுத்தால் நலம்: நோயாளிக்குப் போடப்படும் மதிப்பெண்

நம் வகுப்பில் உட்கார்ந்திருக்கும் குழந்தைகள் மருத்துவமனையில் பிறந்தவர்களாக இருந்தால், பெரும்பாலும் பிறந்த ஒரு நிமிடத்திலேயே பத்துக்கு இவ்வளவு என்று மதிப்பெண் வாங்கியிருப்பார்கள். ஐந்தாவது நிமிடத்தில் மறுதேர்வும் நடந்திருக்கும். தோலின் நிறம், இதயத் துடிப்பு, தூண்டினால் முகம் சுளிக்கிறதா, கைகால் அசைவு, மூச்சு என்று ஐந்து பாடங்கள். ஒவ்வொன்றுக்கும் 0, 1 அல்லது 2. நியூயார்க்கில் மயக்க மருந்து நிபுணராக இருந்த டாக்டர் வர்ஜீனியா ஆப்கார் 1952-ல் முன்மொழிந்து, 1953-ல் கட்டுரையாக வெளியிட்ட முறை இது. இன்றும் உலகமெங்கும் பிரசவ அறைகளில் அவர் பெயரால்தான் வழங்குகிறது.

ஆப்கார் புதிய கருவி எதையும் கண்டுபிடிக்கவில்லை. கண்ணாலும் காதாலும் கையாலும் எல்லோரும் ஏற்கெனவே கவனித்துக்கொண்டிருந்த ஐந்து விஷயங்களை, குறிப்பிட்ட நேரத்தில், ஒரே முறையில் பார்த்து, எண்ணாக எழுதி, கூட்டிவிடுங்கள் என்றார். 'குழந்தை கொஞ்சம் சோர்வாக இருக்கிறது' என்று சொன்னால் கேட்பவர் தன் மனம்போல் புரிந்துகொள்வார். 'மதிப்பெண் 3' என்று சொன்னால் ஓடிவருவார்.

இதே வேலையைப் பெரியவர்களின் வார்டில் செய்கிற ஒரு மதிப்பெண் முறையைப் பற்றித்தான் இங்கே எழுதுகிறேன். இதை முன்னெச்சரிக்கை மதிப்பெண் என்று சொல்லலாம். நான் கணித ஆசிரியை, மருத்துவம் படித்தவள் அல்ல. ஆனால் இது கூட்டல் கணக்கு. அதிலும், நம்மைப்போல் நாள் முழுவதும் மதிப்பெண் போடுகிறவர்கள் கவனிக்க வேண்டிய நுட்பம் இதில் இருக்கிறது.

'திடீரென்று' என்ற சொல்

'நேற்று ராத்திரி வரைக்கும் நல்லாத்தான் பேசிட்டிருந்தார், திடீர்னு போயிட்டார்' என்பது துக்க வீட்டில் நாம் அடிக்கடி கேட்கும் வாக்கியம். சில நோய்களில் அது உண்மைதான். ஆனால் மருத்துவமனைக் கட்டிலில் படுத்திருக்கும்போது நேர்வதில் பெரும்பகுதி திடீர் அல்ல என்பதை 1990-ல் அமெரிக்காவில் வெளிவந்த ஒரு சிறிய ஆய்வு காட்டியது. வார்டில் இதயம் நின்றுபோன 64 பேரின் ஏடுகளை மருத்துவர்கள் பின்னோக்கிப் புரட்டிப் பார்த்தார்கள். அவர்களில் 84 விழுக்காட்டினரின் ஏட்டில், இதயம் நிற்பதற்கு முந்தைய 8 மணி நேரத்துக்குள்ளாகவே நிலைமை மோசமானதற்கான குறிப்போ, நோயாளி சொன்ன புதிய தொந்தரவோ எழுதப்பட்டிருந்தது. பெரும்பாலும் மூச்சில் மாற்றம், அல்லது புத்தித் தெளிவில் மாற்றம்.

கவனிக்க வேண்டியது 'எழுதப்பட்டிருந்தது' என்பதைத்தான். யாரோ பார்த்திருக்கிறார்கள், எழுதியும் வைத்திருக்கிறார்கள். எழுதியதற்குப் பிறகு எதுவும் நடக்கவில்லை. வருகைப் பதிவேட்டில் ஒரு மாணவனுக்குத் திங்கட்கிழமைதோறும் 'ஆ' விழுந்துகொண்டே இருக்கும். டிசம்பரில் அவன் பள்ளியை விட்டு நின்ற பிறகுதான் நாம் அந்தப் பக்கங்களைத் திருப்பிப் பார்ப்போம் அல்லவா, அதுபோல.

ஏன் நடக்கவில்லை என்று கேட்டால் அலட்சியம் என்று சொல்லிவிடுவது எளிது. வார்டின் இரவை நினைத்துப் பாருங்கள். நாற்பது கட்டில்கள், ஒன்றிரண்டு செவிலியர்கள். ஒரு நோயாளியின் நாடி 98. கூடுதல்தான், ஆனால் பயப்படும்படி இல்லை. காய்ச்சல் 101. அதற்குத்தானே சேர்ந்திருக்கிறார்? மூச்சு கொஞ்சம் வேகம். தனித்தனியாகப் பார்த்தால் எதுவுமே டியூட்டி டாக்டரை எழுப்பும் அளவுக்கு இல்லை. எழுப்பி, அவர் வந்து பார்த்து, 'இதுக்குப் போயா கூப்பிட்டீங்க?' என்று கேட்டுவிட்டால்? பணியில் சேர்ந்து ஆறு மாதமான ஒரு செவிலியருக்கு அந்தக் கேள்வி பெரிய தடை.

கணக்கு எப்படிப் போடுகிறார்கள்

இங்கிலாந்தின் கிழக்குக் கடற்கரையில், கிரேட் யார்மத் நகரை ஒட்டி ஜேம்ஸ் பேஜட் மருத்துவமனை இருக்கிறது. 1997-ல் அங்குள்ள மருத்துவர்கள் இந்தத் தடையை உடைக்க ஓர் எளிய மதிப்பெண் முறையை வெளியிட்டார்கள். நாடி, மேல் இரத்த அழுத்தம், மூச்சு எண்ணிக்கை, உடல் வெப்பம், நினைவு நிலை ஆகிய ஐந்துக்கும் மதிப்பெண் கொடுத்துக் கூட்ட வேண்டும். அது பரவியது. பரவியபோது ஒவ்வொரு மருத்துவமனையும் தன் விருப்பப்படி மாற்றிக்கொண்டது. ஒரு மருத்துவமனையில் 4 என்றால் ஆபத்து, அடுத்த ஊரில் 4 என்றால் பரவாயில்லை. வேலை மாறிப்போகும் செவிலியர் என்ன செய்வார்? பாடத்திட்டம் மாறிய ஆண்டுகளில் நாம் பட்ட பாடுதான். கடைசியில் 2012-ல் லண்டனில் உள்ள ராயல் காலேஜ் ஆஃப் ஃபிசிஷியன்ஸ் நாடு முழுமைக்கும் ஒரே அட்டவணையை வெளியிட்டது. 'தேசிய முன்னெச்சரிக்கை மதிப்பெண்' என்று அதற்குப் பெயர். ஆங்கில முதலெழுத்துகளைச் சேர்த்தால் 'நியூஸ்', அதாவது செய்தி. 2017 டிசம்பரில் அதைத் திருத்தி 'நியூஸ் 2' என்று வெளியிட்டார்கள். இன்று பல நாடுகளில் எடுத்துக்காட்டப்படுவது இதுதான்.

இதில் சுவையான விஷயம், மதிப்பெண் நம் வழக்கத்துக்கு நேர் எதிராக ஓடுவது. இங்கே பூஜ்யம் எடுப்பவர்தான் முதல் மாணவர். நடுவில் பூஜ்யம், இரண்டு பக்கமும் விலக விலக மதிப்பெண் ஏறும். மூச்சை எடுத்துக்கொள்ளுங்கள். நிமிடத்துக்கு 12 முதல் 20 வரை என்றால் 0. 21 முதல் 24 வரை 2. 25-ம் அதற்கு மேலும் 3. கீழே இறங்கினால் 9 முதல் 11 வரை 1; 8-ம் அதற்குக் கீழும் 3. நாடிக்கு 51 முதல் 90 வரை 0. 91 முதல் 110 வரை 1. 111 முதல் 130 வரை 2. 131 முதல் 3. குறைந்தால் 41 முதல் 50 வரை 1. 40-ம் அதற்குக் கீழும் 3. மேல் இரத்த அழுத்தம் 111 முதல் 219 வரை 0. நமக்கு வியப்பாக இருக்கும்: 180 இருந்தால்கூட இதில் பூஜ்யமா? ஆம். இந்த அட்டவணை தேடுவது நாள்பட்ட இரத்தக் கொதிப்பை அல்ல. இன்றிரவு நிகழக்கூடிய சரிவை. சரிவில் அழுத்தம் இறங்கும். 101 முதல் 110 வரை 1, 91 முதல் 100 வரை 2, 90-ம் அதற்குக் கீழும் 3. மேல் பக்கம் 220-ஐத் தொட்டால்தான் 3.

கொரோனா காலத்தில் நாம் எல்லோரும் விரலில் மாட்டிப் பார்த்த ஆக்சிஜன் அளவும் உண்டு. 96-ம் மேலும் 0. 94, 95 என்றால் 1. 92, 93 என்றால் 2. 91-ம் கீழும் 3. செயற்கையாக ஆக்சிஜன் கொடுத்துக்கொண்டிருந்தால் தனியாக 2 சேரும். முட்டுக் கொடுத்து நிற்கிற சுவரை நேராக நிற்கிறது என்று சொல்லக் கூடாது அல்லவா? வெப்பம் 36.1 முதல் 38.0 செல்சியஸ் வரை 0, 38.1 முதல் 39.0 வரை 1. அதற்கு மேல் 2. உடல் குளிர்ந்து 35-க்கு இறங்கினால் 3. காய்ச்சலைவிடக் குளிர்ச்சிக்கு அதிக மதிப்பெண் என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

கடைசியாக நினைவு நிலை. தெளிவாக விழித்திருந்தால் 0. கூப்பிட்டால்தான் கண் திறக்கிறார், வலி கொடுத்தால்தான் அசைகிறார், எதற்கும் அசைவில்லை ஆகிய மூன்றுக்கும் 3. இதில் 2017 திருத்தம் புதிதாக ஒன்றைச் சேர்த்தது: புதிதாக வந்த குழப்பம். காலையில் பேரன் பெயரைச் சரியாகச் சொன்னவர் மாலையில் தன் தம்பி பெயரைச் சொல்லிக் கூப்பிடுகிறார் என்றால் அதற்கும் 3. 'வயசாயிடுச்சு, அப்படித்தான் பேசுவாங்க' என்று நாம் ஒதுக்கிவிடுகிற விஷயம்.

இப்போது ஒரு கற்பனை நோயாளி. சளிக்காய்ச்சலோடு சேர்ந்த 60 வயதுக்காரர். மாலை 6 மணிக்கு மூச்சு 18, ஆக்சிஜன் 96, மேல் அழுத்தம் 124, நாடி 88, வெப்பம் 37.8, நினைவு தெளிவு. மொத்தம் 0. இரவு 10 மணிக்கு மூச்சு 22, ஆக்சிஜன் 95, அழுத்தம் 112, நாடி 98, வெப்பம் 38.4. இதில் எந்த எண் உங்களைப் பயமுறுத்துகிறது? எதுவும் இல்லை. கூட்டுங்கள்: 2 + 1 + 0 + 1 + 1 = 5. அதிகாலை 2 மணிக்கு மூச்சு 26, ஆக்சிஜன் 93, அழுத்தம் 104, நாடி 114, வெப்பம் 38.6. இப்போது 3 + 2 + 1 + 2 + 1 = 9. அப்போதும் அவர் தெளிவாகப் பேசிக்கொண்டுதான் இருக்கிறார். துணைக்கு இருக்கும் மகன் 'அப்பா பேசுறார், நல்லா இருக்கார்' என்று வீட்டுக்கு அலைபேசியில் சொல்லிக்கொண்டிருக்கலாம்.

5 என்ற எண் வந்த 10 மணிக்கும் 9 வந்த 2 மணிக்கும் இடையே நான்கு மணி நேரம் இருக்கிறது. இந்த முறை முழுவதும் அந்த நான்கு மணி நேரத்துக்காகத்தான்.

கூட்டலுக்குப் பின்னால் வரும் கட்டளை

மதிப்பெண் மட்டும் போட்டால் அது இன்னொரு பதிவேடு. நமக்குப் பதிவேடுகளின் அருமை தெரியும்! நியூஸ் முறையின் உயிர், ஒவ்வொரு மொத்தத்துக்கும் எதிரே எழுதப்பட்டிருக்கும் செயல். 0 என்றால் குறைந்தது 12 மணி நேரத்துக்கு ஒருமுறை மீண்டும் பார். 1 முதல் 4 வரை என்றால் 4 முதல் 6 மணி நேரத்துக்குள் பார். ஏதாவது ஒரே பாடத்தில் 3 வந்துவிட்டால், மொத்தம் குறைவாக இருந்தாலும் மணிக்கு ஒருமுறை பார், மருத்துவருக்குச் சொல். 5 அல்லது 6 என்றால் அவசரமாக மருத்துவர் வந்து பார்க்க வேண்டும். 7-ம் மேலும் என்றால் தீவிர சிகிச்சை தெரிந்த குழு உடனே வர வேண்டும். கண்காணிப்பு இடைவிடாமல் நடக்க வேண்டும்.

இது என்ன செய்கிறது என்பதை நான் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. சில ஆண்டுகளுக்கு முன் என் தாயார் நிமோனியாவுடன் புதுச்சேரி நகரிலுள்ள ஒரு மருத்துவமனையில் பத்து நாள் இருந்தார். இரவில் வந்த இளம் செவிலியர் ஒருவர் அம்மாவின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி, வெகுநேரம் ஒன்றும் பேசாமல் நின்றார். பிறகு ஒரு தாளில் வண்ணக் கட்டங்களில் புள்ளி வைத்தார். 'என்ன சிஸ்டர் எழுதுறீங்க?' என்று கேட்டேன். 'மார்க் போடுறேன் டீச்சர். அம்மாவுக்கு அஞ்சு வந்திருக்கு' என்று சொல்லிவிட்டு நேராகத் தொலைபேசிக்குப் போனார். அவர் பேசியது எனக்குக் கேட்டது. 'டாக்டர், பதினொண்ணாம் பெட், ஸ்கோர் அஞ்சு, சாயங்காலம் ஒண்ணு இருந்துச்சு.' அவ்வளவுதான். 'எனக்கு என்னமோ சரியாப் படலை' என்ற தயக்கம் இல்லை, மன்னிப்புக் கேட்கும் குரல் இல்லை. பத்து நிமிடத்தில் மருத்துவர் வந்தார், மருந்தை மாற்றினார், ஆக்சிஜன் வைக்கச் சொன்னார். விடிவதற்குள் எண் இறங்கத் தொடங்கியது. மறுநாள் அந்தப் பெண்ணிடம் மீண்டும் பேச்சுக் கொடுத்தேன். 'அஞ்சு வந்தா கூப்பிடணும்னு எழுதியே இருக்கு டீச்சர். கூப்பிடலைன்னாதான் கேள்வி கேப்பாங்க' என்றார்.

கேள்வி கேட்கப்படும் பக்கம் மாறிவிட்டது. வார்டிலேயே இளையவரின் கையில் இருக்கும் ஒரு எண், மூத்தவரை எழுப்பும் உரிமையாகிறது. இந்த முறையின் பயனில் பாதி மருத்துவம் என்றால் மீதி இதுதான் என்பது என் எண்ணம்.

ஆனால் கட்டளை எழுதியிருந்தாலும் ஆட்கள் செய்தால்தான் உண்டு. ஆஸ்திரேலியாவில் 23 மருத்துவமனைகளில் நடத்தி 2005-ல் வெளியிட்ட ஆய்வு ஒன்று, அழைத்தால் ஓடிவரும் அவசரக் குழுக்களை வைத்த இடங்களில் இறப்பு எதிர்பார்த்தபடி குறையவில்லை என்று கண்டது. ஏடுகளைப் பார்த்தால், அறிகுறிகள் இருந்தும் பல வேளைகளில் குழுவை யாரும் அழைக்கவே இல்லை.

யாரும் எண்ணாத எண்

இந்த ஏழு அளவுகளில் மிகவும் ஏமாற்றப்படுவது மூச்சு. நாடியும் ஆக்சிஜனும் கருவியில் தானாக ஒளிரும். அழுத்தத்தைப் பட்டை சொல்லும். மூச்சை மட்டும் ஒரு மனிதர் ஒரு நிமிடம் நின்று எண்ண வேண்டும். நாற்பது கட்டிலுக்கு நாற்பது நிமிடம். நேரமில்லாதபோது எண்ணாமலேயே 18 அல்லது 20 என்று எழுதிவிடுவது உலகம் முழுவதும் மருத்துவமனைகளில் அறியப்பட்ட பழக்கம். வார்டில் எல்லோருக்கும் மூச்சு 18 என்று இருந்தால், வகுப்பில் எல்லோருக்கும் அகமதிப்பீட்டில் ஒரே மதிப்பெண் விழுந்திருப்பதைப் பார்க்கும் ஆய்வாளர் என்ன நினைப்பாரோ அதையே நாமும் நினைக்கலாம்.

சரிவின்போது பெரும்பாலும் முதலில் மாறுவது இந்த எண்தான். நுரையீரலில் தொற்று என்றாலும், இரத்தத்தில் தொற்று பரவி அமிலம் கூடினாலும், இரத்தப்போக்கு என்றாலும் உடல் முதலில் மூச்சை வேகப்படுத்தித்தான் சமாளிக்கும். அப்படிச் சமாளித்துக்கொண்டிருக்கும்வரை ஆக்சிஜன் அளவு நன்றாகவே இருக்கும். விரல் கருவியை மட்டும் நம்பியிருந்தால் இந்தக் கட்டம் தெரியாது. அந்தக் கருவிக்கும் சில குறைகள் உண்டு. நகப்பூச்சு, மருதாணி, குளிர்ந்த விரல் ஆகியவை அளவைக் கெடுக்கலாம். இரத்தத்தில் உண்மையிலேயே ஆக்சிஜன் குறைந்திருந்தும் கருவி அதைக் காட்டாமல் விடுவது, வெள்ளையரைவிடக் கறுப்பினத்தவரிடம் கிட்டத்தட்ட மூன்று மடங்கு அதிகம் என்று 2020-ல் அமெரிக்க ஆய்வு ஒன்று காட்டியது. நம் தோலின் நிறத்துக்கும் இது பொருந்தாமல் போகாது.

பக்கத்திலேயே ஓர் எடுத்துக்காட்டு

வெளிநாட்டுக் கதையாகவே போகிறதே என்று தோன்றலாம். நம்மைச் சுற்றியிருக்கும் தமிழ்நாட்டில் இதே சிந்தனை காசநோயில் வேலை செய்துகொண்டிருக்கிறது. 2022 ஏப்ரலில் தமிழ்நாடு அரசு காசநோய் இறப்பில்லாத் திட்டத்தைத் தொடங்கியது. சென்னையிலுள்ள தேசிய நோய்ப்பரவியல் நிறுவனம் அதற்குத் துணைநின்றது. காசநோயால் இறப்பவர்களில் பெரும்பகுதியினர் சிகிச்சை தொடங்கிய முதல் இரண்டு மாதங்களுக்குள் இறக்கிறார்கள். மாத்திரை வேலை செய்வதற்குள் உடல் தோற்றுவிடுகிறது. அப்படியானால் யாருக்கு மாத்திரையோடு படுக்கையும் உணவும் ஆக்சிஜனும் உடனே தேவை என்பதை முதல் நாளே பிரிக்க வேண்டும். இரத்தப் பரிசோதனை முடிவுக்குக் காத்திருக்க முடியாது. அதனால் களப்பணியாளரே பார்க்கக்கூடிய ஐந்தைத் தேர்ந்தெடுத்தார்கள்: உயரத்துக்கேற்ற எடை, கால் வீக்கம், மூச்சு எண்ணிக்கை, ஆக்சிஜன் அளவு, பிடிமானம் இல்லாமல் நிற்க முடிகிறதா என்பது.

இங்கே கூட்டல் இல்லை. மூச்சு 24-ஐத் தாண்டினாலோ, ஆக்சிஜன் 94-க்குக் கீழே போனாலோ, துணையின்றி நிற்க முடியாவிட்டாலோ, அது ஒன்றே போதும். விரிவான பரிசோதனைக்கும் உள்நோயாளியாகச் சேர்ப்பதற்கும் அனுப்ப வேண்டும். எடைக்கு வைத்திருக்கும் கோட்டைக் கணக்கிட்டுப் பார்த்தால் மனம் கனக்கும். உடல் எடைக் குறியீட்டெண் 14-ஐ ஒட்டியோ அதற்குக் கீழோ என்றால் அபாயம். 155 செ.மீ. உயரமுள்ள பெரியவருக்கு அது சுமார் 33, 34 கிலோ. நம் ஏழாம் வகுப்புப் பிள்ளைகளின் எடை. விழுப்புரம், கடலூர் மாவட்டங்களிலிருந்து நாள்தோறும் கோரிமேட்டில் ஜிப்மர் வாசலில் வந்து இறங்கும் கூட்டத்தைப் பார்த்துப் பழகிய நமக்கு இந்த எண் வெறும் எண்ணாகத் தெரியாது. எடை பார்க்கும் மேடையும் கைக்கடிகாரமும் விரல் கருவியும் இருந்தால் போதும் என்பதுதான் இத்திட்டத்தின் பலம்.

பிள்ளைகளுக்கு வேறு கணக்கு

நியூஸ் அட்டவணை 16 வயதுக்குக் கீழே பொருந்தாது, கர்ப்பிணிகளுக்கும் பொருந்தாது. நாள்பட்ட நுரையீரல் நோயால் கரியமில வாயு தேங்கும் சிலருக்கு ஆக்சிஜன் மதிப்பெண்ணை வேறு கோட்டில் போடுவார்கள். குழந்தைகளின் மூச்சும் நாடியும் இயல்பிலேயே வேகம். ஒன்று முதல் ஐந்து வயது வரை நிமிடத்துக்கு 40 மூச்சோ அதற்கு மேலோ இருந்தால்தான் வேகமான மூச்சு என்று உலக சுகாதார நிறுவனம் கணக்கு வைத்திருக்கிறது. ஆகவே இந்த எண்களை வைத்துக்கொண்டு மூன்றாம் வகுப்புக் குழந்தைக்கு மதிப்பெண் போட்டு யாரும் பதற வேண்டாம். குழந்தைகளுக்கென்று தனி முறைகள் உண்டு. அவற்றில் எனக்குப் பிடித்தது, குழந்தையின் நடத்தைக்கும் மதிப்பெண் இருப்பது. விளையாடுகிறதா, எரிச்சலாக இருக்கிறதா, சோர்ந்து கிடக்கிறதா? இங்கிலாந்தில் 2023-ல் வந்த தேசியக் குழந்தைகள் அட்டவணையில் 'பெற்றோர் கவலைப்படுகிறார்களா' என்பதும் ஒரு கேள்வி.

பெற்றோரின் கவலைக்கு எவ்வளவு மதிப்பு என்பதற்குப் பின்னால் ஒரு பெண் குழந்தை இருக்கிறாள். மார்த்தா மில்ஸ் விடுமுறையில் சைக்கிளிலிருந்து விழுந்து கணையத்தில் அடிபட்டவள். 2021-ல் லண்டன் மருத்துவமனை ஒன்றில், 14 வயது நிறையச் சில நாள்களே இருந்தபோது, இரத்தத்தில் பரவிய தொற்றால் இறந்தாள். நம் எட்டாம் வகுப்புப் பெண். மகள் மோசமாகிக்கொண்டே போகிறாள் என்று பெற்றோர் சொன்னதற்கு உரிய செவி கிடைக்கவில்லை. முன்னதாகவே தீவிர சிகிச்சைக்கு மாற்றியிருந்தால் பெரும்பாலும் பிழைத்திருப்பாள் என்று 2022-ல் விசாரணை அதிகாரி முடிவு கூறினார். அவள் பெயராலேயே 'மார்த்தா விதி' 2024 முதல் இங்கிலாந்தில் நடைமுறைக்கு வரத் தொடங்கியது. நோயாளியின் குடும்பத்தார் தாங்களாகவே வேறொரு மருத்துவக் குழுவை அவசரமாக அழைத்துப் பார்க்கச் சொல்லும் உரிமை அது. முதலில் இளம் செவிலியருக்குக் கிடைத்த உரிமை கட்டிலோரத்தில் உட்கார்ந்திருக்கும் தாய்க்கும் வந்து சேர்ந்திருக்கிறது. நம் ஊரில் அப்படி ஒரு விதி இல்லை. ஆனால் 'எப்போதும் இப்படி இருக்க மாட்டான் டாக்டர், இன்றைக்கு வேறு மாதிரி இருக்கிறான்' என்று சொல்ல எந்த விதியும் தேவையில்லை.

மழைக்காலத்தில் புதுச்சேரியில் நமக்கு நேரடியாக உதவுவது டெங்குவின் முன்னெச்சரிக்கை அறிகுறிகள். இதில் எல்லோரும் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. டெங்குவில் ஆபத்து காய்ச்சல் உச்சத்தில் இருக்கும்போது அல்ல. பெரும்பாலும் மூன்றாம் நாள் முதல் ஏழாம் நாளுக்குள், காய்ச்சல் இறங்கும் வேளையில். காய்ச்சல் விட்டது என்று பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பும் நாளும் அதுவாகவே இருக்கலாம். அப்படி வந்த பிள்ளை வயிறு கடுமையாக வலிக்கிறது என்றாலோ, திரும்பத் திரும்ப வாந்தி எடுத்தாலோ, ஈறிலோ மூக்கிலோ இரத்தம் வந்தாலோ, வழக்கத்துக்கு மாறாகத் துவண்டாலோ, நிலைகொள்ளாமல் தவித்தாலோ, கைகால் சில்லிட்டிருந்தாலோ, பெற்றோரை அழைத்து அன்றைக்கே மருத்துவமனைக்குப் போகச் சொல்ல வேண்டும். ஓய்வறையில் படுக்கவைத்து மாலை மணிக்காகக் காத்திருக்கக் கூடாது.

வகுப்பறைக்கு

ஒன்பது, பத்தாம் வகுப்புகளில் இதைக் கணிதத்துக்கும் அறிவியலுக்கும் சேர்த்துப் பயன்படுத்தலாம். மூச்சு அட்டவணையைக் கரும்பலகையில் எழுதி வரைபடம் வரையச் சொன்னால், நடுவில் தரையில் கிடந்து இரண்டு பக்கமும் படிப்படியாக ஏறும் படிச்சார்பு கிடைக்கும். 24-லிருந்து 25-க்கு ஒரே ஒரு மூச்சுதான் வேறுபாடு, மதிப்பெண் மட்டும் ஏன் தாவுகிறது என்று கேட்டால் நல்ல விவாதம் வரும். என் வகுப்பில் ஒரு மாணவி '34-க்கும் 35-க்கும் நீங்க அப்படித்தானே மிஸ் செய்றீங்க' என்றாள். பதில் சொல்லக் கொஞ்ச நேரம் பிடித்தது. மேலே தந்த கற்பனை நோயாளியின் வெப்பத்தை ஃபாரன்ஹீட்டுக்கு மாற்றச் சொல்லலாம். நம் வீட்டு வெப்பமானிகள் பலவும் அதில்தானே இருக்கின்றன. 38.4 என்பது சுமார் 101.1.

செயல்பாடாக, இரண்டிரண்டு பேராக உட்காரவைத்து மூச்சை எண்ணச் சொல்லுங்கள். அரை நிமிடம் எண்ணி இரண்டால் பெருக்க விடாதீர்கள். ஒன்று தவறினால் இரண்டு தவறும். 20-க்கும் 22-க்கும் இடையே இரண்டு மதிப்பெண் இருக்கிறது. அரை நிமிடம், முழு நிமிடம் இரண்டையும் எடுத்து வேறுபாட்டை அட்டவணைப்படுத்தச் சொன்னால் அளவீட்டுப் பிழை பாடம் தானே நடந்துவிடும். ஓய்வாக இருக்கும்போது ஒருமுறை, மைதானத்தைச் சுற்றி ஓடி வந்ததும் ஒருமுறை எண்ணி, எத்தனை நிமிடத்தில் பழைய நிலைக்கு வருகிறது என்றும் பார்க்கலாம். யாருக்கு எவ்வளவு என்று பெயர் போட்டுச் சுவரில் ஒட்ட வேண்டாம். ஆஸ்துமா உள்ள பிள்ளைகள் இருப்பார்கள், அவர்களை ஓடவும் வைக்க வேண்டாம்.

முதல் முறை செய்யும்போது ஒரு சிக்கல் வரும். தன் மூச்சை எண்ணுகிறார்கள் என்று தெரிந்ததும் பிள்ளைகள் மூச்சை இழுத்து இழுத்து விடுவார்கள், அல்லது அடக்குவார்கள், பிறகு சிரித்துவிடுவார்கள். எனவே எண்ணுபவர், நாடி பார்ப்பதுபோல் நண்பரின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, கண்ணை மட்டும் மார்பின் மேல் வைத்துக்கொள்ள வேண்டும். அன்றிரவு அந்தச் செவிலியர் என் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு பேசாமல் நின்றதும் அதற்காகத்தான்.